“உங்களால எவ்வளவு முடியும்?”

அக்காவுக்கும் எனக்கும் இந்த ஒரு விஷயத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை. “நாய் மேசை மேல முனகிட்டுக் கெடக்குது, அந்த மனுஷன் காசைப் பத்திக் கேக்கறாரு. அவரெல்லாம் ஒரு டாக்டரா?” என்பது அவள் கட்சி. தருமபுரியில் நான் நம்பி நாயைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவர் அவர்தான், அப்படிக் கேட்டதுதான் அந்த நம்பிக்கைக்கே காரணம் என்பது என் கட்சி. பண்டிகைக்கு வீட்டில் கூடினால் பேச்சு எப்படியோ எங்கள் நாய் செவலையிடம் வந்துவிடும், அங்கிருந்து அந்த டாக்டரிடம் போய்விடும். அக்கா சொல்வதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. அவள் அரசு மருத்துவமனையில் செவிலியர். ராத்திரி ஷிஃப்டில் விபத்துக் கேஸ் வந்தால் கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, முதலில் ரத்தத்தை நிறுத்துகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறியவள் அப்படித்தான் பேசுவாள். ஆனால் மனிதருக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. நாய்க்கு இருப்பது வீட்டுக்காரரின் சட்டைப்பை மட்டும்தான். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு கால்நடை மருத்துவர் எதை வைத்து வைத்தியத்தைத் தொடங்குவார்?

மாட்டுச் சீமையில் நாய் வளர்ப்பது

எங்கள் பக்கம் கால்நடை என்றால் மாடும் ஆடும்தான். காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் என்று எங்கே போனாலும் கறவை மாட்டை நம்பி ஓடுகிற குடும்பங்கள்தான் கண்ணில் படும். அரசு கால்நடை மருந்தகத்துக்குக் காலையில் போனால் சினை ஊசிக்கு வந்த மாடு, கழிச்சலில் துவண்ட வெள்ளாட்டுக்குட்டி, மடிநோய்க்கு மருந்து வாங்க வந்த பாட்டி, இவர்களுக்கு நடுவே சங்கிலியைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நாம் நிற்போம். ஆடு மிரளும், நாய் குரைக்கும், கம்பௌண்டர் நம்மை ஓரமாகப் போய் நிற்கச் சொல்வார். அந்த ஒரு மருத்துவர்தான் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர். அங்கே வெறிநோய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, சொறிக்கு ஊசி, காயத்துக்குத் தையல் எல்லாம் எந்தக் குறையும் இல்லாமல் நடக்கிறது. செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவச ஊசி முகாமும் போடுகிறார்கள். செவலைக்கு வருஷா வருஷம் வெறிநோய் ஊசி அரசு மருந்தகத்தில்தான். ஆனால் நாயின் வயிற்றைத் திறக்க வேண்டுமென்றால் மயக்க மருந்து, ஸ்கேன், ராத்திரி கூட நிற்க ஓர் ஆள் எல்லாம் வேண்டும். மாட்டுக்காகக் கட்டிய இடத்தில் அது இல்லையே என்று அந்த மருத்துவர் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை.

அதற்கு மேல் தேவைப்பட்டால் தருமபுரிக்காரர் தெற்கே போகிறார், ஓசூர், சூளகிரிக்காரர் வடக்கே போகிறார். தெற்கே சேலத்தில் தனியார் கிளினிக்குகள், அதையும் தாண்டினால் நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. வடக்கே பெங்களூர் ஹெப்பாலில் கர்நாடகத்தின் கால்நடைக் கல்லூரி. கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு, அறுவை சிகிச்சைக்குத் தனி ஆள், ஸ்கேனுக்குத் தனி ஆள் என்று இருப்பார்கள். செலவு வேறு இடத்தில் வந்து இடிக்கும். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். வாடகைக் கார்க்காரர் வாந்தி எடுக்கிற நாயைப் பார்த்ததும் சீட்டைத் திரும்பிப் பார்ப்பார். தருமபுரியிலிருந்து நாமக்கல் போய்க் காத்திருந்து திரும்பினால் வண்டி வாடகை, ஒரு நாள் கூலி, வழிச்சாப்பாடு எல்லாம் சேர்ந்து வைத்தியச் செலவை எட்டிப் பிடித்துவிடும். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் வருகிற கால்நடை ஆம்புலன்ஸ் நல்ல சேவைதான், ஆனால் அது முதன்மையாகக் கிராமத்து ஆடு மாடுகளுக்காக ஓடுவது. ஆக, பெரும்பாலான நாட்களில் நமக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பவர் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஷட்டரைத் திறக்கும் தனியார் டாக்டர் ஒருவர்தான். அவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை

செவலை எங்களிடம் குட்டியாக வந்தவள் இல்லை. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த குடும்பம் வேலைக்காக ஓசூர் போனபோது விட்டுப்போன நாட்டு நாய். வரும்போதே வளர்ந்த நாய், கருத்தடை ஆகாதவள். பல்லைப் பார்த்துவிட்டு அஞ்சு, ஆறு வயசு இருக்கும் என்று டாக்டர் சொன்னதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. அவள் பருவத்துக்கு வந்து போய் ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருக்கும். தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்துகொண்டே இருந்தாள். சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டாள். சனிக்கிழமை மதியத்துக்குமேல் வாந்தி. சாயங்காலம் படுத்திருந்த சாக்கில் பழுப்பும் சிவப்புமாக ஒரு கறை, கிட்டப் போனால் மூக்கைப் பொத்த வேண்டிய வாடை. லீவுக்கு வந்திருந்த அக்கா அதைப் பார்த்ததுமே “சீழ் இது, கெளம்பு” என்றாள்.

டாக்டரின் கிளினிக் ஒற்றை அறை. ஒரு ஸ்டீல் மேசை, ஜன்னல் கம்பியில் நூல்கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட குளுக்கோஸ் பாட்டில், ஒரு சிறிய ஸ்கேன் பெட்டி. அவர் செவலையின் உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், வயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அமுக்கினார். வாந்திக்கு ஓர் ஊசி போட்டார். அப்புறம் ஸ்கேன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்புக் குழாய்கள் சுருண்டு கிடப்பதுபோல் தெரிந்தது. “கர்ப்பப்பை முழுக்கச் சீழ். பயோமெட்ரா. ஹீட் முடிஞ்ச ஒண்ணு ரெண்டு மாசத்துல வர்றது. வெளிய கசியறதால கொஞ்சம் தப்பிச்சோம். கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டா உள்ளேயே தேங்கி இன்னும் ஆபத்து” என்றார். கையுறையைக் கழற்றினார், சோப்புப் போட்டுக் கை கழுவினார், நாற்காலியை இழுத்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார். “சொல்லுங்க, உங்களால எவ்வளவு முடியும்?”

அக்கா முகம் அப்படியே சுருங்கிவிட்டது. நானும் சட்டென்று பதில் சொல்லவில்லை. அவர் காத்துக்கொண்டிருக்காமல் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினார். முதல் வரி: இன்றைக்கே குளுக்கோஸ் ஏற்றித் தேற்றி, கர்ப்பப்பையை எடுப்பது, தையல் பிரிக்கிறவரை மருந்தோடு சேர்த்து 9,000-லிருந்து 12,000. இரண்டாவது: இப்போதைக்கு டிரிப், ஆன்டிபயாட்டிக் மட்டும், 1,500. விடிந்ததும் நாமக்கல். அங்கே ஆபரேஷன் செலவு குறையும், வண்டி வாடகை உங்களுடையது, நாளைக்கு ஞாயிறு என்பதால் அவரே போன் போட்டு விசாரித்துச் சொல்வார். மூன்றாவது: மருந்து மட்டும். அந்த வரிக்குப் பக்கத்தில் ‘நோய் திரும்ப வரலாம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். “மூணுல எதைச் சொன்னாலும் நான் கூட நிக்கறேன். ரெண்டாயிரந்தான் இருக்குதுன்னாலும் கூச்சப்படாம சொல்லுங்க, அதுக்குள்ள என்ன நல்லதோ அதைச் செய்வோம். தெரியாம ஆரம்பிச்சுப் பாதியில நின்னா அது நாய்க்குத்தான் கஷ்டம்” என்றார்.

முதல் வரியைத்தான் சொன்னோம். அன்றைக்கு 5,000 கொடுத்தோம், மீதியைத் தையல் பிரிக்கும்போது தருவதாகப் பேச்சு. அக்காதான் ராத்திரி முழுக்க டிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செவலை இப்போது நன்றாக இருக்கிறாள், காலையில் பால்காரர் வண்டிச் சத்தத்துக்கு முன்னாலேயே வாசலில் நிற்பாள். ஆனால் அக்கா தன் கட்சியை விடவில்லை. அவள் கேட்பதில் ஒரு கூர்மை இருக்கிறது: “மேசை மேல நாயை வச்சுக்கிட்டுக் கேட்டா யாருக்கு இல்லன்னு சொல்ல வாய் வரும்? கடன் வாங்கியாவது ஆமாம்னுதான் சொல்லுவாங்க.” உண்மைதான். அந்த நிமிடத்தில் எந்த எண்ணும் சின்னதாகத் தோன்றும். இருந்தாலும் அவர் மூன்றாவது வரியை எழுதினாரே, ரெண்டாயிரம் என்ற வார்த்தையை அவரே தம் வாயால் எடுத்துக் கொடுத்தாரே, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இல்லை என்று சொல்ல வேண்டியவனுக்கு அவர் வாசலைத் திறந்துதான் வைத்திருந்தார்.

கேட்காமல் தொடங்கும் இடங்கள்

இதே விஷயத்தின் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். முன்பு எங்களிடம் இருந்த மணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து மூக்கில் ரத்தம் கசிந்தபோது வெளியூரில் பெரிய கிளினிக் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். நல்ல ஏசி, நல்ல உபசாரம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், டிரிப் போட்டார்கள். எதற்கு எவ்வளவு என்று யாரும் வாய் திறக்கவில்லை. கவுண்டரில் பில்லைக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது. அந்தப் பரிசோதனைகள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. உண்ணிக் காய்ச்சலில் தட்டணு எண்ணிக்கை பார்க்கத்தான் வேண்டும், சிறுநீரகத்தையும் பார்த்துவைப்பது நல்லதுதான். ஆனால் காது நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம், அதில் தெரிவதை வைத்து அடுத்ததற்குப் போகலாம். எது இன்றைக்கே வேண்டும், எது ரெண்டு நாள் பொறுக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்களும் கையிருப்பைப் பிரித்து வைத்திருப்போம். உண்ணிக் காய்ச்சலில் எர்லிக்கியா வகைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். முதல் நாளிலேயே பணம் தீர்ந்துபோன வீட்டில், நாய் எழுந்து சோறு தின்னத் தொடங்கியதும் மாத்திரை நின்றுவிடும். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி அப்புறம் தலைதூக்கும். பாதியில் நின்றால் நாய்க்குத்தான் கஷ்டம் என்று டாக்டர் சொன்னது இதைத்தான்.

செவலைக்குத் தையல் பிரிக்கப் போன சாயங்காலம் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிற ஒருவர் துண்டில் சுற்றிய குட்டியோடு உட்கார்ந்திருந்தார். பார்வோ. ரத்தமாகப் பேதி, அறை முழுக்க அந்த வாடை. பார்வோவுக்கு வைரஸைக் கொல்லும் மருந்தென்று தனியாக நடைமுறையில் இல்லை. உடம்பில் நீர் வற்றாமல் டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டி தானாகப் போராடி மேலே வருகிறவரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அது நாள் கணக்கில் இழுக்கும். அவரிடமும் அதே கேள்வி. அவர் தயங்கி, “எண்ணூறு ரூவா இருக்குதுங்க சார்” என்றார். டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அட்மிட் போட வேண்டாம், காலையிலும் சாயங்காலமும் கொண்டுவாங்க, நரம்பில் ஏற்றுவதற்குப் பதிலாகத் தோலுக்கடியில் நீர் ஏற்றிவிடுகிறேன், பலன் குறையத்தான் செய்யும், வாய்ப்பு இல்லாமல் போகாது என்று சொல்லி, வீட்டில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தரை கழுவுவதையும் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குட்டி பிழைத்ததா என்று நான் அறியவில்லை. ஆனால் அந்த மனிதர் மறுநாளும் அங்கே வரக்கூடிய மாதிரி அனுப்பப்பட்டார். பில்லுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்து ஊற்றிப் பார்த்து, மூச்சு வாங்கும்போது தூக்கி வருகிறவர்களைத்தான் இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிறோம்.

நாய் நன்றாக இருக்கும்போது

அக்கா சொன்ன அந்த மேசை விஷயத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: அந்தப் பேச்சை மேசைக்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். குட்டி துள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு சாதாரண ஊசிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவைக்கலாம். சீட்டில் பட்டமும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 1984-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். நம் பக்கம் மருந்துக்கடையில் நிற்பவரையும் சினை ஊசி போட வருகிறவரையும்கூட டாக்டர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், அதனால் சொல்கிறேன். அப்புறம் நாயைத் தொட்டுப் பார்க்காமல் ஊசியை எடுக்கிறவரா, நோயின் பெயரைச் சீட்டில் எழுதுகிறவரா, “இது என்னால ஆகாது, நாமக்கல் போங்க” என்று சொல்லத் தயங்காதவரா என்று கவனியுங்கள். அந்தக் கடைசிக் குணம் எனக்கு மிகவும் முக்கியம். மாட்டு வைத்தியத்தில் பழுத்தவர் நாய் விஷயத்தில் தமக்குத் தெரிந்த எல்லையைச் சொன்னால் அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

செலவைக் குறைப்பதிலும் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று இருக்கிறது. தடுப்பூசியில் கை வைக்கவே கூடாது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் சேர்ந்த கூட்டு ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகிறவரை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி ஆண்டு ஊசி. இது மொத்தமும் பார்வோவுக்கு டிரிப் ஏற்றும் செலவின் பக்கத்தில் வராது. பெண் நாய்க்குச் சின்ன வயதிலேயே கருத்தடை செய்துவிட்டால் பயோமெட்ராவுக்கு ஏறக்குறைய வழியே இல்லை, மடிக்கட்டி வரும் வாய்ப்பும் நன்றாகக் குறையும். ஆரோக்கியமான நாய்க்குத் திட்டமிட்டுச் செய்வதும் சீழ் கோத்த கர்ப்பப்பையை அவசரத்தில் எடுப்பதும் செலவிலும் ஆபத்திலும் ஒன்றல்ல. நாமக்கல் போக நேரம் ஒதுக்க முடிந்தால் இந்த ஆபரேஷனுக்குத்தான் ஒதுக்க வேண்டும், அதைத் தேதி குறித்துப் போகலாமே. உண்ணி நாயின் மேல் மட்டும் இல்லை, சுவர் விரிசலிலும் கட்டில் சட்டத்திலும் முட்டையிட்டுக் கிடக்கிறது. அங்கே மருந்து அடிக்காமல் நாய்க்கு மட்டும் பூசினால் பணம்தான் கரையும். அதற்காக மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்மேல் ஊற்றாதீர்கள். பூனை இருக்கிற வீட்டில் இன்னும் கவனம், நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

மருந்தில் மிச்சம் பிடிக்க முடியும். டாக்ஸிசைக்ளின் போன்றவை மனிதருக்கும் நாய்க்கும் ஒரே மருந்துதான். மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் எங்கள் டாக்டர் எழுதித் தருகிறார், மக்கள் மருந்தகத்தில் பாதிக்கும் குறைவான விலையில் வாங்கியிருக்கிறேன். அளவு அவர் சொன்னதாகவே இருக்க வேண்டும். நாய்க்குக் காப்பீடும் இருக்கிறது, ஆனால் வயது வரம்பு உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குத் தரமாட்டார்கள், வயதே தெரியாத செவலை மாதிரி நாய்களுக்கு அது கைகொடுக்காது. நாங்கள் அவளுக்கென்று போஸ்ட் ஆபீசில் ஒரு கணக்கு வைத்து மாதாமாதம் கொஞ்சம் போட்டு வருகிறோம். அக்காவும் போடுகிறாள், சில மாதம் என்னைவிட அதிகமாகவே.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் காவேரிப்பட்டினத்திலிருந்து கன்னி இன நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். முதல் ஊசிக்கு அவளையும் குட்டியையும் கூட்டிப் போனேன். ஊசி போட்டு முடிந்ததும் அவளையே கேட்க வைத்தேன்: ராத்திரியில் ஏதாவது ஆனால் உங்களைக் கூப்பிடலாமா, நீங்கள் ஊரில் இல்லையென்றால் யாரிடம் போக வேண்டும், கருத்தடைக்கு எவ்வளவு ஆகும், பணம் குறைவாக இருக்கிற நாளில் வந்தால் என்ன செய்வீர்கள்? டாக்டர் நான்குக்கும் பதில் சொன்னார், கருத்தடைத் தொகையையும் சேலத்து டாக்டர் ஒருவருடைய நம்பரையும் ஊசி அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். கடைசிக் கேள்விக்கு மட்டும், “வராம மட்டும் இருக்காதம்மா” என்றார்.